அல்கோடூ சீனுக்குக் கருத்துச் சொல்ல: எழுதுவதா, திருத்திக் கொடுப்பதா?

கோலி ஓட்டம், கவண், தானே நடக்கும் பொம்மை என்று ஏதோ ஒன்றை அல்கோடூ என்ற இயற்பியல் மென்பொருளில் கட்டி அனுப்பி, "பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். அதைக் கட்டியவரிடம் எந்த வடிவத்தில் கொண்டு சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். மூன்று வழி இருக்கிறது. திரையைப் பதிவு செய்து பேசியபடியே வீடியோவாக அனுப்பலாம். சீனை, அதாவது அவர் கட்டி அனுப்பிய அமைப்பை, நாமே திருத்திச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது எழுதிச் சொல்லலாம். அறிவியலில் ஆர்வமுள்ள பள்ளிப் பிள்ளைகள் செய்யும் சீன்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லிவருகிறேன். மூன்று வழியிலும் சொல்லிப் பார்த்த பிறகு, இப்போது எழுதுவதையே வழக்கமாக வைத்திருக்கிறேன். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அல்கோடூ தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் தன் முதுகலைப் படிப்புக்காக உருவாக்கிய 'ஃபன்' என்ற இருபரிமாண இயற்பியல் மென்பொருள் 2008இல் இணையத்தில் வேகமாகப் பரவியது. அதே ஊரைச் சேர்ந்த அல்கோரிக்ஸ் நிறுவனம் அதை வளர்த்து 2009இல் அல்கோடூவாக வெளியிட்டது. இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. வட்டமும் பெட்டியும் வரைந்து, அச்சும் ஸ்பிரிங்கும் மாட்டி, ஓடவிட்டால் எல்லாம் எடையோடும் உராய்வோடும் இயங்கத் தொடங்கிவிடும்.

வீடியோவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. முகம் பார்த்துப் பேசுவது போன்ற நெருக்கம் அதில் உண்டு. ஆனால் எந்த நிமிடத்தில் எதைச் சொன்னோம் என்று தேடுவதற்குள் கேட்பவருக்குப் பொறுமை போய்விடும். எண்களைக் காதால் கேட்டுக் குறித்துக்கொள்வதும் சிரமம். இயக்கத்தின் தாளத்தைப் பற்றி, உதாரணமாக நடக்கும் பொம்மையின் கால் எந்த நொடியில் வழுக்குகிறது என்று காட்டுவதற்கு மட்டும் வீடியோ நல்லது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். திருத்திக் கொடுப்பதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. கோலி சுவரைத் துளைத்துப் போகிறதா? சுவரைத் தடிமனாக்கிச் சேமித்து அனுப்பினால் முடிந்தது. விளக்கம் வேண்டாம், வாதம் வேண்டாம். வாங்குபவருக்கும் உடனே வேலை செய்கிற ஒன்று கையில் கிடைக்கிறது. ஒரு சீனுக்கு ஒரே ஒரு முறைதான் கருத்துச் சொல்லப்போகிறோம் என்றால் இதுவே போதும்.

ஆனால் ஒரு முறையோடு நிற்பதில்லையே. சீன் கட்டுகிறவர் நம் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். நாம் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் அதே சீனில் இரண்டாவது மின்தூக்கியைச் சேர்த்திருப்பார், சரிவை நீட்டியிருப்பார். இப்போது இரண்டு பிரதிகள். நம் திருத்தம் பழையதில் இருக்கிறது, அவர் உழைப்பு புதியதில் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைப்பதுதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம்.

அல்கோடூ சீனைச் சேமிக்கும் பி.எச்.இசட் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே சீனின் விவரம் எழுத்துக் கோப்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு பொருளின் இடம், கோணம், வேகம், நிறம், அடர்த்தி எல்லாம் வரிவரியாக அதில் உண்டு. அப்படியானால் நிரல் எழுதுகிறவர்கள் செய்வதுபோல இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு, மாறிய வரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நடக்காது. சீனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சேமித்தாலே அசைகிற எல்லாப் பொருள்களின் இடமும் கோணமும் வேகமும் மாறிவிடும். நூறு கோலிகள் உள்ள சீனில் நாம் மாற்றிய சுவரின் தடிமன், தானாக மாறிய எண்களின் கூட்டத்தில் காணாமல் போய்விடும். சேமிப்பதற்கு முன் அன்டூ கொடுத்து ஓட்டத்துக்கு முந்திய நிலைக்குத் திரும்பலாம்தான். அதை ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் மறக்காமல் செய்ய வேண்டும். அப்படியே செய்தாலும் புதிய பிரதியில் அந்த மாற்றத்தை அவர் கையால்தான் மறுபடி செய்தாக வேண்டும். கையால் செய்ய, எதை எவ்வளவு மாற்றினோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆக, எப்படிச் சுற்றினாலும் கடைசியில் எழுதித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எழுதிய குறிப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. சீன் எத்தனை முறை மாறினாலும் குறிப்பு பழசாவதில்லை. ஆனால் ஒன்று, குறிப்பில் எண் இருக்க வேண்டும். "சுவர் சரியில்லை, கோலி உள்ளே போகுது" என்று எழுதினால் அது திருத்திய சீனைவிட மோசம். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"கீழ்ச் சரிவின் முடிவில் கோலியின் வேகம் சுமார் 30 மீ/வி. சிமுலேஷன் நொடிக்கு 60 படிகளாகக் கணக்கிடுவதால், ஒரு படிக்குள் கோலி அரை மீட்டர் தாண்டிவிடுகிறது. உன் சுவர் 0.1 மீட்டர், கோலியின் விட்டம் 0.2 மீட்டர். இரண்டும் சேர்ந்தே 0.3தான். அதனால் ஒரு படியில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த படியில் அந்தப் பக்கம் என்று மோதாமலே போய்விட முடிகிறது. சுவரைத் தடிமனாக்கு. இல்லை, நொடிக்கு எத்தனை படி என்ற அந்த அலைவெண்ணை 240 ஆக்கு, அப்போது ஒரு படிக்கு 0.125 மீட்டர்தான் நகரும். ஆனால் கணிப்பொறிக்கு நான்கு மடங்கு வேலை, கோலி அதிகமானால் திணறும்."

இதைப் படிக்கிற பிள்ளைக்குச் சுவர் பிரச்சினை மட்டும் தீர்வதில்லை. அடுத்த சீனில் கவண் கல் மதிலைத் துளைத்தால் அதையும் தானே கண்டுபிடித்துவிடும். திருத்திய சீனைத் திறந்து பார்த்தால் தெரிவது தடிமனான ஒரு சுவர், அவ்வளவுதான்.

ஊசல் சீன்களில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் 2.0 நொடி வர வேண்டும் என்று பாடத்தில் படித்துவிட்டுச் சீன் கட்டுகிறார்கள். 2.15 வருகிறது. அல்கோடூ தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்த்தால் ஊசலை 60 டிகிரி இழுத்து விட்டிருப்பார்கள். பாடத்தில் உள்ள சூத்திரம் சிறிய கோணத்துக்கானது. 60 டிகிரியில் அலைவு நேரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடத்தான் வேண்டும், ஆக மென்பொருள் சொன்னது சரி. இங்கே நான் கோணத்தை 10 டிகிரிக்கு மாற்றிச் சேமித்து அனுப்பினால் என்ன ஆகும்? எண் சரியாக வரும், நான் ஏதோ பழுது பார்த்துக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வார்கள். "முதலில் 10 டிகிரியில் அளந்து பார், அப்புறம் 30, அப்புறம் 60, மூன்றையும் எழுதி அனுப்பு" என்று எழுதினால் சீனில் பிழையே இல்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். பிழையில்லாத சீனைத் திருத்திக் கொடுப்பதற்கு வழியே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

எழுதும் வழியில் குறை இல்லாமல் இல்லை. நேரம் பிடிக்கும். வேகத்தையும் ஆற்றலையும் வரைபடமாகக் காட்டும் வசதி அல்கோடூவிலேயே இருந்தாலும், பொருளைத் தேர்ந்தெடுத்து, ஓட்டி, எண்ணைப் படித்துத்தான் எழுத வேண்டும். இன்னொன்று, சீனில் எந்தப் பொருளைச் சொல்கிறோம் என்று எழுத்தில் சுட்டுவது கஷ்டம். "இடதுபக்கம் மூன்றாவது பச்சைப் பெட்டி" என்று எழுதி, அவர் அதற்குள் நிறத்தை மாற்றியிருந்தால் வம்புதான். இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அவருடைய சீனைத் தொடாமல், பிரச்சினையை மட்டும் காட்டும் குட்டி சீன் ஒன்றைத் தனியாகக் கட்டிக் குறிப்போடு இணைத்துவிடுகிறேன். ஒரு கோலி, ஒரு சுவர், வேறெதுவும் கிடையாது. இதை யாரும் எதனோடும் இணைக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

அல்கோடூவுக்கே உரிய தைம் என்ற நிரல் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட சீன்களுக்கு மட்டும் என் தீர்ப்பு கொஞ்சம் தளர்கிறது. அங்கே ஒரு அடைப்புக்குறி இடம் மாறினாலே ஓடாது. அதை விளக்குவதைவிடத் திருத்திய வரிகளையே அனுப்புவது நல்லது. அப்போதும் முழு சீனை அனுப்பாமல் அந்த வரிகளை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் பார்த்த ஸ்கிரிப்ட் சீன்கள் குறைவு, அதனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். வாசிக்கத் தடுமாறும் சின்னப் பிள்ளைகளோடும் எனக்கு அதிகம் பழக்கமில்லை. அவர்களுக்குக் குட்டி சீனும், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தையும் போதும் என்று தோன்றுகிறது.