ஃப்ளைவீல்: வரைபடத்தில் கணக்கிடுவதா, தொங்கவிட்டு எடுப்பதா?

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஆலை. மின்சாரம் போனால் விளக்குகளுக்குப் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். நிமிடத்துக்கு 650 சுற்று, நான்கு ஸ்ட்ரோக். ஆக வினாடிக்கு ஐந்து வெடிப்புக்குச் சற்றே மேல். ஒவ்வொரு வெடிப்புக்கும் விளக்கு கண் சிமிட்டியது. சுழற்சியைச் சீராக வைக்கும் கனச் சக்கரங்கள்தான் ஃப்ளைவீல்கள். இருக்கும் இரண்டும் போதுமா என்று பார்க்க, அவற்றின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு, தேவைப்பட்டது.

வரைபடம் இருந்தால் விளிம்பு, தட்டு, குடம் என்று பிரித்துக் கூட்டிவிடலாம். நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. எங்களிடம் வரைபடம் இல்லை. ஒன்றுக்கு 100 கிலோ, 30 செ.மீ. ஆரம், சீரான தட்டு என்று வைத்துப் போட்டேன்: 4.5 கிலோ மீட்டர் வர்க்கம்.

பிறகு ஒரு சக்கரத்தைக் கழற்றி, 2 மீட்டர் நீளமுள்ள மூன்று கம்பிகளில், மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளிக் கட்டி, படுக்கைவசமாகத் தொங்கவிட்டோம். கம்பி அறுந்தால் என்ன ஆவது என்று கீழே மரக்கட்டைகளை அடுக்கினோம். லேசாகத் திருகிவிட்டால் அதுவே முன்னும் பின்னும் சுழல்கிறது. ஒரு அலைவுக்கு 2.66 வினாடி. விடை 5.48. கனமெல்லாம் விளிம்பில் இருப்பதை என் தட்டுக்கணக்கு பார்க்கவே இல்லை.

இந்த முறையின் உயிர் நேரத்தில்தான் இருக்கிறது. சூத்திரத்தில் அது வர்க்கமாக வருவதால், நேரத்தில் ஒரு சதவீதம் பிசகினால் விடையில் இரண்டு பிசகும். பத்து அலைவை எண்ணி நிறுத்தக் கூடாது; ஐம்பது எண்ணினால் கைக்கடிகாரத் தடுமாற்றம் கரைந்துவிடும். பக்கவாட்டில் ஊசலாடினால் அந்த எண்ணிக்கையைத் தூக்கி எறியுங்கள். முதல் தடவை மலைக்காற்று உள்ளே புகுந்து கெடுத்தது. கதவைச் சாத்திவிட்டு மறுபடி எண்ணினோம். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.81 வேண்டாம், இந்த அட்சரேகைக்கும் உயரத்துக்கும் 9.78 போடுங்கள்.

பிஸ்டனுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேலும் கீழும் போகும் 3 கிலோவில் பாதியை 7 செ.மீ. கிராங்க் ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சராசரியாக 0.0074தான். இரண்டு ஃப்ளைவீல்கள் சேர்ந்த 11-க்கு முன்னால் தூசு. பல சிலிண்டர் எஞ்சினில் இப்படித் தள்ளிவிடலாமா என்றால், நான் செய்து பார்த்ததில்லை.

பெல்ட்டில் 1500 சுற்று ஓடும் ஆல்டர்னேட்டரை (மின்னாக்கியை) மட்டும் மறக்காதீர்கள்: வேக விகிதத்தின் வர்க்கப்படி, அதற்குள் சுழலும் ரோட்டாரின் திருப்புத்திறன் 5.3 மடங்காக எஞ்சினுக்குத் தெரியும். கையேட்டில் அதற்கு ஜி.டி. ஸ்கொயர் என்று, ஆரத்துக்குப் பதில் விட்டத்தின் வர்க்கத்தை வைத்துச் சொல்லும் அளவைப் போட்டிருந்தார்கள். அதை நான்கால் வகுக்க வேண்டும். வகுக்காமல், ஃப்ளைவீல் தாராளம் என்று இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.