அல்சாஸில் 'அறுவடை நாள்' என்று எங்களுக்கு விற்கப்பட்ட வெறும் தோட்டம்: ஓர் எச்சரிக்கை

பிரான்சின் அல்சாஸ் பகுதிக்குத் திராட்சை அறுவடைக் காலத்தில் செல்ல நினைப்பவர்கள், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் குடும்பத்தார் நால்வர், ஆளுக்கு 95 யூரோ வீதம் 380 யூரோ செலுத்தி, ரிபோவில்லே அருகே 'அறுவடையில் ஒரு நாள்' என்ற சுற்றுலாவில் கலந்துகொண்டோம். காலையில் தோட்டத்தில் குலை வெட்டலாம், பிறகு பழம் பிழியப்படுவதைப் பார்க்கலாம், மதிய உணவுக்குப் பின் ஐந்து வகை ஒயின்களைச் சுவைக்கலாம் என்று எழுத்தில் உறுதியளித்திருந்தார்கள். இவற்றில் மதிய உணவைத் தவிர வேறொன்றும் சொன்னபடி நடக்கவில்லை.

நான் பதிவு செய்ததே அப்பாவுக்காகத்தான். நாற்பது ஆண்டுகள் திராட்சைப் பந்தலில் கவாத்தும் அறுவடையும் பார்த்தவர் அவர். பந்தல் இல்லாமல் கம்பி வரிசைகளில் கொடியேற்றும் மலைச்சரிவுத் தோட்டங்களை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வழிகாட்டி ஆளுக்கொரு கத்தரியும் வாளியும் கொடுத்து வெட்டச் சொன்னார். அப்பா இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டு என்னை அருகில் அழைத்தார். குலைகள் தொங்கியிருக்க வேண்டிய இடத்தில், கணுவுக்குக் கணு, வெட்டப்பட்ட காம்புகள் பழுப்பேறிக் காய்ந்து நின்றன. "வெட்டிப் பத்து நாளாவது இருக்கும்ப்பா" என்றார். நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தவை, பக்கக் கிளைகளில் பிந்திக் காய்த்து, பழுக்காது என்று அறுவடைக்காரர்கள் விட்டுச்சென்ற சிறு குலைகள். பட்டாணி அளவுக் காய்கள். வாயில் போட்டால் பல் கூசும் புளிப்பு. எல்லோரும் படம் எடுத்து முடித்ததும் வழிகாட்டி அந்த வாளிகளை வரிசை ஓரத்திலேயே கவிழ்த்துவிட்டார். அப்பா தம் கத்தரியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு மாலைவரை அவர் பேசவே இல்லை.

அறுவடை முன்கூட்டியே முடிந்ததற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். எப்போது வெட்டுவது என்பது அந்தந்த ஆண்டின் வெயிலையும் மழையையும் பொறுத்தது. பழத்தின் சர்க்கரையையும் புளிப்பையும் அளந்து பார்த்து, கோடையின் கடைசியில்தான் நாள் குறிக்கிறார்கள். கிரெமான் எனப்படும் நுரை ஒயினுக்கான பழத்தை முதலில் வெட்டுவார்கள், மற்றவை அதன் பின்னரே. வெப்பம் கூடிவருவதால், முன்பு அக்டோபரில் நடந்த வேலை இப்போது பெரும்பாலும் செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது. எனவே மார்ச் மாதத்திலேயே அக்டோபர் தேதி ஒன்றைக் குறித்து 'அறுவடை' என்று விற்பவர், தம் கையில் இல்லாத பொருளை விற்கிறார். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் தொலைபேசியில் கேட்டபோதும் "வேலை மும்முரமாக நடக்கிறது, வாருங்கள்" என்றார்கள். அந்த ஊரில் அப்போதே அறுவடை முடிந்திருந்தது. இந்தப் பொய்யைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கேள்வியை மின்னஞ்சலில் கேட்டிருந்தால், பதில் எழுத்தில் என்னிடம் இருந்திருக்கும்.

பழம் பிழிவதைக் காட்டுவதற்குப் பதிலாக எங்களை நிலவறைக்கு அழைத்துச் சென்றார்கள். நொதிக்கும் தொட்டிகளிலிருந்து வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் தரையோரம் தேங்கி நின்று உயிரையே பறிக்கக்கூடியது. எங்கள் குழுவில் சிறு குழந்தைகள் இருந்தும், அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தார். என் மனைவிக்குத் தலை கனத்ததும் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். தொட்டிகள் நொதித்துக்கொண்டிருக்கும் அறையில் கதவு திறந்திருக்கிறதா, விசிறி ஓடுகிறதா என்று பார்க்காமல் தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம்.

ஐந்து ஒயின்கள் என்றது இரண்டாகச் சுருங்கியது. பிறகு விற்பனை தொடங்கியது. கெவூர்ஸ்ட்ராமினர் என்ற திராட்சை வகையில் செய்த ஒயின் புட்டி ஒன்றைக் காட்டி, அது கொடியிலேயே மிகப் பழுக்கவிட்டுத் தாமதமாக வெட்டிய பழத்தில் செய்தது என்று சொல்லி, 34 யூரோ விலையில் இரண்டு புட்டிகளை என் தலையில் கட்டினார்கள். இரவு விடுதியில் லேபிளைப் படித்தபோதுதான் உண்மை புரிந்தது. தாமத அறுவடையைக் குறிக்கும் 'வாந்தாஞ்ச் தார்தீவ்' என்ற பெயருக்கு அல்சாஸில் 1984 முதல் சட்ட வரையறை உண்டு. பழத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு சர்க்கரை இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். அந்தத் தகுதி பெற்ற ஒயினின் லேபிளில் அந்தச் சொற்கள் இருக்கும். என் புட்டியில் அவை இல்லை. தோட்டத்திலேயே புட்டியில் அடைத்தது என்பதைச் சொல்லும் 'மீசான் புத்தேய் ஓ தொமேன்' என்ற வரியும் இல்லை. வேறோர் ஊர் வணிகரின் பெயரே அங்கே இருந்தது.

முன்பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் 'ஆர்' என்றும் 'அகோந்த்' என்றும் இரு வகை உண்டு. 'ஆர்' ஆக இருந்தால், நாம் பின்வாங்கும்போது கட்டிய தொகையை மட்டும் இழப்போம். விற்பவர் பின்வாங்கினால் அவர் இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்று எழுதியிருந்தால் இருவரும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். முழுத் தொகையையும் நம்மிடம் கேட்க முடியும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் அது 'ஆர்' ஆகவே கொள்ளப்படும். என் ரசீதில் 'அகோந்த்' என்று சிறிய எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

நுகர்வோர் புகார்களுக்காக அரசு நடத்தும் சிக்னல்கோன்சோ தளத்தில் முறையிட்டேன். அடுத்த ஆண்டுக்கான கூப்பன் தருவதாக நிறுவனம் பதில் அனுப்பியது, நான் ஏற்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு, கையொப்பம் பெற்றுத் தரும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அன்று அப்பா தம் கைபேசியில் எடுத்த ஒரே படத்தையும் அதனுடன் இணைத்திருக்கிறேன். காய்ந்துபோன காம்பு ஒன்றும், அதன் பக்கத்தில் அளவுக்காக அவர் வைத்த கட்டைவிரலும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.