முதல் மான் வேட்டைக்கு வில்லா, ரைஃபிளா?

மான் வேட்டைக்குச் சட்டப்படி உரிமம் வழங்கப்படும் இடங்களில் புதிதாக இறங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, கையில் எதை ஏந்துவது என்பதைத்தான். நான் காம்பவுண்டு வில்லில் (முனைகளில் கப்பி பொருத்திய நவீன வில்) தொடங்கி, ஒரு பருவம் முழுவதும் அதனோடு அலைந்த பின் ரைஃபிளுக்கு மாறியவன். ஆகவே என் சாய்வு ரைஃபிளின் பக்கம்.

வில்லுக்கு உரிய சிறப்புகள் பலரும் அறிந்தவை. சத்தம் குறைவு, அமெரிக்காவின் பல மாநிலங்களில் வில் வேட்டைக்கான பருவம் முன்னதாகவே தொடங்கிவிடும், அம்பு நெடுந்தொலைவு போகாது. ரைஃபிள் குண்டோ குறி தவறினால் கிலோமீட்டர்க் கணக்கில் பாயும் என்பதால், மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடவே கூடாது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விடப் பெரியது பயிற்சியைத் தக்கவைக்கும் பாடு. வில்லை இழுப்பது தசைகளின் வேலை. சில நாள் விட்டாலே கை மறந்துவிடும். நான் வேலைப்பளுவில் இரண்டு வாரம் பயிற்சியை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனேன். ஏறத்தாழ 30 மீட்டரில் நின்ற மானின் நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு வயிற்றில் தைத்தது. வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தினால் அது எழுந்து வெகுதூரம் ஓடிவிடும் என்பதால் குறைந்தது 6 மணி நேரமாவது காத்திருந்துதான் தடம் பிடிக்க வேண்டும். அப்படியே செய்தும் மறுநாள் மாலைவரை அது கிடைக்கவில்லை. அந்த உயிருக்கு நான் செய்த கொடுமை இன்றும் மனத்தை அறுக்கிறது.

பிழை என் கையில் மட்டும் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 30 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.38 விநாடி ஆகும். நாணின் ஓசை 0.09 விநாடியிலேயே மானின் காதுக்கு எட்டிவிடும். இடைப்பட்ட அந்தக் கால் விநாடியில், பாய்வதற்காக அது உடலைத் தாழ்த்தித் திரும்பினால் குறி மாறிவிடும். ரைஃபிள் குண்டு ஒலியைவிட வேகமானது என்பதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை.

ரைஃபிளுக்கும் பயிற்சி வேண்டும், ஆயினும் அது இவ்வளவு விரைவில் கைவிட்டுப் போவதில்லை. பருவத்துக்கு முன் 100 மீட்டரில் குறியைச் சரிபார்த்து, பின் உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுட்டுப் பழகினால் போதுமானது. தொடங்குபவரைக் கெடுப்பது சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் பின்னுதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கம்தான். சிறிய, நடுத்தர மான்களுக்கு .243 வின்செஸ்டர் என்னும் ரைஃபிள் தோட்டா வகை தேவையான வலிமையுடையது, தோளையும் வருத்தாது; எனினும் சில இடங்களின் சட்டம் இதைவிடப் பெரிய தோட்டா அளவைக் கோரும்.

வீட்டருகிலேயே இலக்கு அமைத்து நாள்தோறும் அம்பெய்ய முடிந்தவருக்கு என் கணக்கு மாறலாம். குறுக்குவில்லை (விசையை அழுத்தி அம்பெய்யும் crossbow) நான் ஓரிரு நாள்களே கையாண்டிருப்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. எதை எடுத்தாலும், வேட்டையில் அமரும் அதே நிலையில் இருந்து 15 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஒன்றுகூடத் தவறாமல் எவ்வளவு தொலைவில் உங்களால் அடிக்க முடிகிறதோ, அதற்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.