தோட்டத்துச் சேம்பர் மூடியைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுகிறீர்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டுத் தோட்டத்தில், கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதற்காகக் கட்டும் சேம்பரின் (மேன்ஹோல்) மூடி சாய்ந்தோ தூக்கிக்கொண்டோ நின்றால் ஆள் வைத்துச் சரிசெய்வோம். வேலை முடிந்ததும் மேற்பூச்சைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கண்முன்னால் மூடியைத் திறந்து, உள்ளேயும் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் வீடு. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பிக்கொள்ளும். கழிவறையிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் லைனில், கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேம்பர் இருக்கிறது. மண் இப்படி ஏறி இறங்கியதில் மூடி உட்காரும் அதன் ஃபிரேம் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தூக்கிவிட்டது. மிதித்தால் டொக்கென்று ஆடும். அம்மாவுக்குத் தட்டி கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. இடுக்கு வழியாக நாற்றமும் கரப்பானும் வேறு.

தெரிந்தவர் மூலமாக ஒரு காண்டிராக்டர் வந்தார். "பழைய ஃபிரேமைப் பேத்து எடுத்துட்டு, செங்கல் வரியைச் சரி பண்ணி, புது வார்ப்பிரும்பு ஃபிரேமும் மூடியும் போட்டுத் தாரேன் அண்ணாச்சி. பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்" என்றார். 11,500 ரூபாய் பேச்சு, 6,000 முன்பணம். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. சாயங்காலம் வந்து பார்த்தால் சுற்றிலும் வழவழவென்று சிமெண்ட் பூச்சு, மூடியில் பளபளக்கும் கறுப்புப் பெயிண்ட். ஆட்டமும் இல்லை, நாற்றமும் இல்லை. மீதியை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

மழை பிடித்ததும் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் மேலே ஏற ஆரம்பித்தது. வேறொரு பிளம்பரை வரவழைத்தோம். அவரால் மூடியைத் திறக்க முடியவில்லை. மூடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, தூக்குவதற்கு இருக்கும் ஓட்டை எல்லாவற்றிலும் சிமெண்ட் கலவையை அப்பியிருந்தார்கள். உளி வைத்துக் கொத்தி, கடப்பாரையால் நெம்பியதில் மூடி இரண்டாக உடைந்தது. பெயிண்டை நகத்தால் சுரண்டினால் அடியில் துரு. அப்பா காலத்தில் மூலையில் உதிர்ந்த சில்லு அப்படியே இருந்தது. எங்கள் பழைய மூடியேதான்! ஃபிரேமையும் யாரும் தொடவில்லை; ஆடாமல் இருக்க அடியில் செங்கல் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் வேலை செய்தபோது குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைக்காததால் கலவைக் கட்டியும் ஜல்லியும் உள்ளே விழுந்து இறுகி, லைனை மறித்துக் கிடந்தன.

காண்டிராக்டருக்குப் போன் போட்டால், "ஃபிரேம் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. சிமெண்ட் வச்சு அடைச்சாத்தான் நாத்தம் வராது" என்கிறார். அடைப்பு வந்தால் திறந்து பார்ப்பதற்குத்தானே சேம்பரே கட்டுகிறோம்! நாற்றத்தை நிறுத்த, மூடி உட்காரும் பள்ளத்தில் கிரீஸ் வைத்தாலே போதும். தேவைப்படும்போது தூக்கவும் முடியும்.

இரண்டாவதாக வந்த பிளம்பர் செய்த வேலையைப் பார்த்தபோதுதான் முறை புரிந்தது. முதலில் குழாய் வாயில் சாக்கு. ஃபிரேமை முழுதாக எடுத்துவிட்டு, பழைய கலவையைச் செங்கல் வரை கொத்தி, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையை நாலு பக்கமும் பரப்பி, அதன்மேல் புது ஃபிரேமை உட்கார வைத்தார். ரசமட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காகவும் வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த கரிசலை அரையடிக்குத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் போட்டுத் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினார். மண் உப்பினாலும் நேராக ஃபிரேமை நெம்பாதாம். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி மூடி தரையைவிட ஒரு விரல் மேலே, சுற்றிலும் வெளிப்பக்கம் வாட்டம். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம், அதுவரை யாரையும் மிதிக்க விடவில்லை.

மூடி வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஆள் மட்டும் நடக்கும் தோட்டத்துக்கு எல்.டி. 2.5 (லைட் டியூட்டி) போதும், கார் ஏறும் இடமென்றால் எம்.டி. 10 (மீடியம் டியூட்டி). அந்த எண் மூடி தாங்கும் பாரம், டன் கணக்கு. வார்ப்பிரும்பு என்று சொல்லி ஃபைபர் மூடியைக் கறுப்படித்துத் தலையில் கட்டுவதும் உண்டு, ஒரு காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரொம்ப நாள் மூடிக் கிடந்த சேம்பரைத் திறந்ததும் தலையை உள்ளே விடாதீர்கள், விஷவாயு இருக்கும். பீடி, தீப்பெட்டி பக்கத்தில் கூடாது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான விஷயத்துக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் தரவில்லை என்றாலும் ஜிபே விவரமும் போட்டோக்களும் கையில் இருக்கின்றன. காண்டிராக்டர் இப்போது 3,000 திருப்பித் தருவதாகப் பேரம் பேசுகிறார். முழுப் பணமும் வரும்வரை உடைந்த மூடியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதாக இல்லை.