7,850 ரூபா போச்சு: கம்ப்யூட்டர்ல "பஸ் ஸ்பீடு ரிப்பேர்"னு எவனாச்சும் சொன்னா சிபியுவ கைல குடுக்காதீங்க

கோவம் அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. 7,850 ரூபா. ஜாப் டைப்பிங், பத்திரிகை டிசைன்னு தாம்பரம் பக்கம் சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன், 7,850 ரூபாங்கிறது எத்தனை பக்கம் அடிச்சா வரும்னு இந்த தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

கடை சிஸ்டம் ஐ5 2400 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் ரெண்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பழசுதான், என் வேலைக்கு அது போதும். கொஞ்ச நாளா ஃபைல திறந்தா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது, கஸ்டமர் எதிர்ல உக்காந்து மூஞ்சியப் பாக்குறாங்க. சரின்னு கடைக்கே ஆள் அனுப்புற ஆப் ஒண்ணுல புக் பண்ணேன். பேர் போடல, கம்ப்யூட்டர், லேப்டாப், பிரிண்டர் எல்லாத்துக்கும் "வெரிஃபைடு டெக்னீஷியன்"னு விளம்பரம் பண்ற டைப்.

வந்த பையன் செருப்ப வெளிய விட்டுட்டு வந்தான். டீ வாங்கித் தரேன்னேன், டியூட்டில குடிக்க மாட்டேன்க்கான்னான். கேபினெட்ட திறந்து துணி விரிச்சு ஃபேன பிரஷ்ஷால சுத்தம் பண்ணான். பொறுமையா பண்ணான், அதான் எரிச்சலா இருக்கு இப்ப நினைச்சா. அப்புறம் சிபியு-இசட்னு, பிராசசர், ரேம் வேகத்தக் காட்டுற ஒரு சாஃப்ட்வேர போட்டு மானிட்டர என் பக்கம் திருப்பினான். "அக்கா, இது 3.1 கிகாஹெர்ட்ஸ், அதாவது 3100 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், ஓடுறது பாருங்க 1596, பாதிதான். பஸ் ஸ்பீடு வெறும் 100. கீழ ரேட்டட் எஃப்எஸ்பி கட்டம் காலியா இருக்கு பாத்தீங்களா, போர்டுல பஸ் செத்துருச்சு, அதான் ரேமும் 1333க்கு பதிலா 665ல ஓடுது." (பஸ்ஸுன்னா போர்டுல பாகங்களுக்கு நடுவுல டேட்டா போற வழி.) வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்கக்கான்னு அவனே சொன்னான். நம்பரு கண்ணு முன்னாடி இருக்கு, அவன் சொல்றது அதோட ஒத்துப்போவுது, யாரா இருந்தாலும் நம்புவாங்க.

போர்ட கழட்டி எடுத்துட்டுப் போய் மறுநாள் கொண்டாந்து மாட்டினான். பஸ் ரீவொர்க் 3,500, "1600 ஹைஸ்பீடு" 8 ஜிபி ரேம் ஒண்ணு 3,850, சர்வீஸ் 500. மொத்தம் 7,850. மறுபடி அதே சாஃப்ட்வேர், இப்ப 3200க்கு மேல காட்டுது, ரேம் 800ன்னு காட்டுது. பாத்தீங்களாக்கான்னு சிரிச்சான். காசு அவன் சொந்த நம்பருக்கு ஜிபே.

அன்னிக்கு சாயந்தரமே திரும்ப அதே வட்டம்.

எங்க கடைக்கு டோனர் ரீஃபில் பண்ண வர்ற அண்ணன் முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிளிங் பண்ணிட்டு இருந்தவரு. அவர்கிட்ட போட்டோவ காட்டினேன், தலைல அடிச்சுக்கிட்டாரு. அவர் சொன்னத அப்படியே போடுறேன், ஏன்னா இது தெரிஞ்சா அவனால ஒரு ரூபா வாங்க முடியாது. பழைய கோர் 2 டுயோ பிராசசர் காலத்துல எஃப்எஸ்பின்னு, அதாவது ஃப்ரன்ட் சைடு பஸ்னு ஒண்ணு நிஜமாவே இருந்துச்சு, பிராசசர் வெளிய டேட்டா அனுப்புற வழி, இ8400ல 333 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு நாலு தடவை டேட்டா போறதால 1333ன்னு போடுவாங்க, அதுக்கு ஏத்த போர்டும் ரேமும் பாத்து வாங்கணும். 2008ல இன்டெல்லோட நெஹலேம் பிராசசர் வந்ததுல இருந்து, ரேம பாத்துக்கிற மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளயே போயிருச்சு. ஐ5ல எஃப்எஸ்பியே கிடையாது, அந்த கட்டம் காலியாத்தான் இருக்கும்! 100ங்கிறது பேஸ் கிளாக், அதாவது அடிப்படை துடிப்பு, அது 100தான் இருக்கணும், 31 மடங்கு போட்டா 3100. வேலை இல்லாதப்ப கரன்ட் மிச்சம் பண்ண தானாவே 16 மடங்குக்கு இறங்கும், அதான் 1596. தூங்குற ஆளோட நாடியப் பிடிச்சுட்டு பாதி உசுரு போச்சுன்னு சொல்ற வேலை இது. அப்ப அந்த 3200 எப்படி வந்துச்சு? பவர் ஆப்ஷன்ல ஹை பெர்ஃபார்மன்ஸ்னு மாத்தி வச்சிருக்கான், இறங்காம டர்போல 3100க்கு மேலயே நிக்குது, அவ்வளவுதான் ரீவொர்க்கு. ரெண்டு க்ளிக்குக்கு 3,500 ரூபா.

ரேம் கதை இன்னும் கேவலம். நம்ம ரேம் டிடிஆர் வகை, டிடிஆர்னாலே ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகும், அதனால 1333 ரேம் அந்த சாஃப்ட்வேர்ல 665, 666ன்னுதான் காட்டும். முதல்ல பாதி காட்டினா கோளாறுன்னான், அவன் ரேமும் 1600க்கு பாதி 800 காட்டுது, அது மட்டும் சரியாம். அதுவும் அவன் காட்டினது அந்த சாஃப்ட்வேர்ல எஸ்பிடிங்கிற பக்கம், அது ரேமால முடிஞ்ச வேகம், ஓடுற வேகம் இல்ல. ஐ5 2400 எடுக்கிறதே 1333 வரைக்கும்தான். டாஸ்க் மேனேஜர்ல மெமரிய திறந்து பாத்தா 1333, ஸ்லாட் ரெண்டுல ஒண்ணுலதான் ரேம் இருக்கு. ரெண்டு ரேம் இருந்தப்ப டூயல் சேனல்ல, அதாவது ரெண்டுலயும் ஒரே நேரத்துல, நொடிக்கு 21 ஜிபி போற வழி, இப்ப ஒத்த ரேம்ல பாதியாச்சு. முன்னாடியும் 8 ஜிபி, இப்பவும் 8 ஜிபி, காசக் குடுத்து வேகத்த குறைச்சு வாங்கியிருக்கேன். நல்லா இருந்த ரெண்டு ரேமையும் வேற எடுத்துட்டுப் போயிட்டான்.

உண்மையான கோளாறு ஹார்டு டிஸ்க். அண்ணன் டாஸ்க் மேனேஜர்லயே காட்டினாரு, டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குது, செக்டர், அதாவது டேட்டா பதியிற இடங்க, கெட்டுப்போக ஆரம்பிச்சிருச்சு. ஹார்டு டிஸ்க்குக்கு பதிலா 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டாரு, இப்ப பறக்குது.

அந்த பையனுக்கு போன் போட்டா "பிஸிக்கா, சாயந்தரம் கூப்பிடுறேன்". சாயந்தரம் போட்டா ஊருக்கு வந்திருக்கேன்னான். பழைய ரேமக் குடுன்னா ஸ்க்ராப்ல போயிருச்சாம். ஆப் சாட்ல "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு வந்துச்சு, அடுத்த நிமிஷம் டிக்கெட் க்ளோஸ்டு. கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா, "மேடம், பார்ட்ஸ் நீங்க டெக்னீஷியன்கிட்ட நேரடியா வாங்கினது, எங்க பில்லுல இருக்கிறது 500 மட்டும்தான்"ங்குது. அப்ப வெரிஃபைடுன்னு போட்டு அனுப்பினது யாரும்மான்னு கேட்டேன், லைன் கட். 7,850 ரூபாய்க்கு ஆப்பும் பொறுப்பு இல்ல, ஆளும் பொறுப்பு இல்ல.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கடைல ஆள் நிக்குது, சுருக்கமா சொல்றேன். ஐ3, ஐ5ல எஃப்எஸ்பி போச்சுன்னா அப்பவே வெளிய அனுப்புங்க. ஸ்லோன்னா மொதல்ல டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் பாருங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ரேம் ஸ்டிக்கரையும் போர்டு சீரியலையும் போட்டோ எடுங்க, பழைய பார்ட்ஸ் எதையும் விடாதீங்க. காசு ஆப்ல மட்டும், தனி நம்பருக்கு வேண்டவே வேண்டாம். 1915க்கு, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைன், கம்ப்ளெயின்ட் போட்டாச்சு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அவன் எடுக்கச் சொன்ன போட்டோ எல்லாம் அனுப்பிருக்கேன். இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா கீழ சொல்லுங்க, சேந்து போடுவோம்.