உயிர்த்தெழுதலா, மத்த விளக்கங்களா? நான் ஏன் இந்தப் பக்கம்

இயேசு உயிர்த்தெழுந்தார்னு நம்புற ஆளு நான், அதை முதல்லயே சொல்லிடறேன். நம்பாதவங்க சொல்ற விளக்கங்கள்ல பாதி சப்பை, ஒண்ணுதான் உண்மையிலேயே கனமானது.

சப்பையானதை சீக்கிரம் முடிச்சிடுவோம். சாகல, மயக்கம்தான்னு ஒரு பேச்சு. சிலுவைல இருந்து பிழைச்சவங்க இருக்காங்களான்னா, இருக்காங்க. முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் ஜோசிபஸ் தனக்குத் தெரிஞ்ச மூணு பேரை சிலுவைல பார்த்துட்டு ரோமத் தளபதி டைட்டஸ்கிட்ட அழுது கேட்டு இறக்க வெச்சாரு, நல்ல வைத்தியம் பார்த்தும் ரெண்டு பேர் செத்துட்டாங்க, ஒருத்தர்தான் தேறுனாரு. வைத்தியத்தோடயே இந்த கதின்னா கல்லறைக்குள்ள கெடந்தவரு? அற்புதம் எதையும் ஏத்துக்காத 19ம் நூற்றாண்டு ஜெர்மன் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராஸே, குத்துயிரா வந்து நிக்கிற ஆளைப் பார்த்து யாரும் சாவை ஜெயிச்சவர்னு கும்பிட மாட்டாங்கன்னு இதை ஒதுக்கிட்டாரு. சீஷர்கள் உடலைத் திருடிட்டாங்கன்றது மத்தேயு 28லயே இருக்கற பழைய குற்றச்சாட்டு, திருடினவனுக்கு அது பொய்னு தெரியுமே, அப்புறம் எதுக்கு அடி வாங்கணும்?

கனமானது பிரமை வாதம், அதாவது சீஷர்கள் பார்த்தது நிஜ இயேசுவை இல்ல, வெறும் மனப்பிரமைன்றது. துக்கத்துல இருக்கறவங்களுக்கு செத்தவங்க கண்ணுக்குத் தெரியறது நடக்கற விஷயம்தான், பேதுருவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம், ஒத்துக்கறேன். ஆனா உயிர்த்தெழுந்தவரைக் கண்டதா சொல்லப்படற யாக்கோபை என்ன பண்றது? இயேசுவோட சொந்தத் தம்பி. கூடப் பொறந்தவங்களே அவரை விசுவாசிக்கலன்னு யோவான் 7 சொல்லுது, வீட்டு ஆளுங்க அவருக்கு புத்தி பேதலிச்சிருச்சுன்னு பிடிச்சுட்டுப் போக வந்தாங்கன்னு மாற்கு 3 சொல்லுது. அண்ணனை தெய்வமா ஏத்துக்கறது லேசுப்பட்ட காரியமா சொல்லுங்க! அந்த ஆளுதான் பிற்பாடு எருசலேம் சபைக்கே தலைவரா இருந்து, கி.பி. 62 வாக்குல பிரதான ஆசாரியன் அனனஸ் ஏற்பாட்டுல கல்லெறிபட்டு செத்தாரு, இதை எழுதினது கிறிஸ்தவரே இல்லாத ஜோசிபஸ்.

அடுத்து பவுல். அவருக்கு துக்கமும் இல்ல ஏக்கமும் இல்ல, முதல்ல கிறிஸ்தவ சபையை வேட்டையாடிட்டு இருந்து, அப்புறம் இயேசுவைக் கண்டேன்னு மாறினவரு. குற்ற உணர்ச்சில மாறிட்டார்னு சொல்றாங்க, ஆனா பிலிப்பியர் 3ல பழைய வாழ்க்கையப் பத்தி, நியாயப்பிரமாணப்படி நான் குற்றஞ்சாட்டப்படாதவன்னுல்ல பெருமையா எழுதறாரு. அவர் எருசலேம் போய் பேதுரு கூட 15 நாள் தங்கி யாக்கோபையும் நேர்ல பார்த்திருக்காரு, கலாத்தியர் 1ல இருக்கு. அதனால கி.பி. 55 வாக்குல கொரிந்தியருக்கு, உயிர்த்தெழுந்த இயேசுவை யாக்கோபும் கண்டார்னு எழுதறது காத்துவாக்குல கேட்ட சேதி இல்ல.

இதுல எனக்கு இடறுற இடமும் உண்டு. யாக்கோபுக்குத் தரிசனமானது ஒரே வரிதான், எங்க எப்படின்னு ஒரு விவரமும் இல்ல. பவுல் பார்த்தது தமஸ்கு வழியில வானத்து ஒளி, மத்தவங்க பார்த்ததும் அப்படித்தானோன்னு ஒருத்தர் கேட்டா ஒரேயடியா வாயடைக்க என்னால முடியாது. கல்லறை காலியா இருந்துச்சு, அதனால எழுந்தார்ன்ற வாதத்தையும் நான் அளவாத்தான் எடுப்பேன். சிலுவைல செத்தவங்களைப் புதைக்கவே விடமாட்டாங்கன்றவங்களுக்கு, 1968ல எருசலேம்ல கிடைச்ச, சிலுவைல அறையப்பட்ட யெஹோஹனான்ன்ற ஆளோட எலும்புப் பெட்டி பதில், குதிகால் எலும்புல ஆணி அப்படியே இருந்துச்சு. ஆனா அது ஒரு ஆளோட சாட்சிதான், அதை வெச்சு இயேசுவோட கல்லறை காலியா இருந்துச்சுன்னு நிரூபிக்கக் கிளம்பாதீங்க.