யாழ்ப்பாணம் திருநெல்வேலி இலவச வகுப்பு: விரிவுரையாளர் வேலைக்கு ஆயத்தம் செய்கிறவர்கள் போகலாமா?

போகலாம். இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். இதைப் பற்றிப் பலரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் பக்கத்தில், பரமேஸ்வராச் சந்தியிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில் சனி ஞாயிறுகளில் நடக்கிற வகுப்பு இது. நடத்துகிறவர்கள் விளம்பரம் வேண்டாம் என்று சொல்வதால் பெயரைப் போடவில்லை, கலைப்பீடத்துப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

பட்டம் முடித்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க ஆசைப்படுகிற, ஆனால் வீட்டில் அதற்குக் காசோ வழிகாட்ட ஆளோ இல்லாத பிள்ளைகளுக்கான வகுப்பு. தீவுப்பகுதிப் பிள்ளைகள், கிளிநொச்சி முல்லைத்தீவிலிருந்து வருகிறவர்கள், மலையகத்திலிருந்து வந்து இங்கே படித்து முடித்தவர்கள், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள், அதோடு சாதியால் தலைமுறை தலைமுறையாகப் பின்னுக்குத் தள்ளப்பட்ட வீடுகளின் பிள்ளைகள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களோடு சமமாக உட்காருகிற சம ஆசனத்துக்கே போராட வேண்டியிருந்த ஊர் இது, அதைச் சொல்லாமல் 'வசதி குறைந்தவர்கள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. செலவை வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து கொடுக்கிறார்கள். நான் இங்கே படித்து முடித்தவள், இப்போது தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன்.

இப்படி ஒரு வகுப்பு ஏன் தேவை என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தியாவில் உதவிப் பேராசிரியர் ஆக விரும்புகிறவர்கள் எழுதுகிற நெட் என்ற தேசியப் பரீட்சை 1989 முதல் நடக்கிறது. இப்போது முதல் தாளில் 50 வினா, இரண்டாம் தாளில் 100 வினா, மொத்தம் 300 புள்ளி, 3 மணித்தியாலம், பிழையான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். பாடத்திட்டம் வெளியே இருக்கிறது, பழைய வினாத்தாள்களும் கிடைக்கின்றன. அங்கேயுள்ள பல்கலைக்கழக மானியக் குழு 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வசதி குறைந்தவர்கள், சிறுபான்மையினர் ஆகியோருக்கு இந்தப் பரீட்சைக்கான பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உள்ளேயே நடத்தப் பணம் கொடுத்தது. அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஜூன் 18இல் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய பரீட்சையை மறுநாளே இரத்துச் செய்தார்கள், கடன் வாங்கி நகரத்துக்கு வந்து எழுதிய பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் பரீட்சை என்று ஒன்று இருந்தால் எதைப் படிக்க வேண்டும் என்பதாவது ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

இலங்கையில் எங்களுக்கு அப்படி ஒரு பொதுப் பரீட்சை இல்லை. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்து, விளம்பரம் வரும்வரை பார்த்திருந்து, விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்குப் போய், அங்கே ஒரு மாதிரி விரிவுரையும் செய்து காட்டித்தான் தகுதிகாண் விரிவுரையாளராக, அதாவது இன்னும் நிரந்தரமாகாத ஆரம்ப நிலை விரிவுரையாளராக, உள்ளே போக முடியும். கம்பஸுக்கு எடுபடும்போது திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு இன்னொரு 5 வீதம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கால் உள்ளே வந்த பிள்ளை நான்கு வருடம் கழித்து விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது மாவட்டமும் இல்லை, பின்தங்கிய பிரதேசமும் இல்லை. மகாபொல உதவிப்பணமும் நின்றிருக்கும், விடுதியையும் விட்டிருப்பார்கள். பேராசிரியர் மாமா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்பது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. நெடுந்தீவிலிருந்து வருகிற பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? முதல் வகுப்பு எடுத்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தில் ஆய்வுக் கட்டுரைகள் என்ற இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பட்டத்துக்குச் செய்த ஆய்வையே சுருக்கி ஒரு ஆய்வரங்கில் வாசித்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த வகுப்பு அந்த இடத்தில்தான் கை வைக்கிறது, அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு மதிப்பு.

மாதிரி விரிவுரைப் பயிற்சி மட்டுமே இந்த வகுப்புக்குப் போகப் போதுமான காரணம். முன்கூட்டியே தலைப்புத் தருவார்கள், நீங்கள் முன்னால் நின்று 15 நிமிடம் படிப்பிக்க வேண்டும், மற்றவர்கள் முதலாம் வருட மாணவர்களாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பின்வரிசையில் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் நேர்முகக் குழு மாதிரி இருப்பார்கள். அந்த சேர் குரலை உயர்த்த மாட்டார், ஆனால் ஒன்றையும் விடவும் மாட்டார். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவது, ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிப்பது, ஒரு வரைவிலக்கணம் சொல்லிவிட்டு உதாரணம் சொல்லாமல் அடுத்ததுக்குப் போவது, எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்து முடிந்தபிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். எல்லோருக்கும் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்கிற அந்தப் பழக்கத்தை எங்கள் ஊர் ரியூட்டரிகள், அதுதான் தனியார் வகுப்புகள், கொஞ்சம் பார்த்துப் பழகலாம். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி முதல் முறை எழும்பி நின்றபோது மூன்று நிமிடத்தில் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டா. சேர் அவவிடம், அடுத்த கிழமை அதே தலைப்பை உங்கள் அம்மாவுக்கு விளங்கப்படுத்துகிற மாதிரித் தமிழில் செய்யுங்கள் பிள்ளை, ஆங்கிலம் அதற்குப் பிறகு வரும் என்றார். தமிழில் அவ செய்தபோது அந்த அறையில் இருந்த எல்லோரும் குறிப்பெடுத்தோம். பாடம் அவவுக்குத் தெளிவாகத் தெரியும், பயந்தது மொழிக்குத்தான். பிறகு அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவது கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

ஆங்கிலம் பெரிய விடயம். கலைப்பீடத்தில் தமிழில் படித்துவிட்டு வருகிறவர்களிடம் நேர்முகத்தில் ஆங்கிலத்தில் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். இங்கே வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கிற ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையை வைத்து ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள், அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. தகுதிகாண் விரிவுரையாளராக எடுபட்ட பிறகும் 8 வருடத்துக்குள் பட்டப்பின் பட்டம் முடித்தால்தான் பதவி நிரந்தரமாகும், வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலத்தில் படிப்பதென்றால் இந்தப் பரீட்சை பெரும்பாலும் தேவைப்படும். எழுத்துப் பகுதியில் 60 நிமிடத்துக்குள் குறைந்தது 150 சொல்லில் ஒன்று, குறைந்தது 250 சொல்லில் ஒன்று என்று இரண்டு எழுத வேண்டும். அதை ஒவ்வொரு கிழமையும் எழுத வைத்து, அடுத்த கிழமை திருத்திக் கையில் தருகிறார்கள். நகரத்தில் காசு கட்டிப் போன ஒரு வகுப்பில் எனக்கு ஒரு கட்டுரைகூடத் திருத்திக் கிடைக்கவில்லை, அச்சடித்த புத்தகத்தைத் தந்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். பேச்சுப் பகுதி இங்கே கொஞ்சம் பலவீனம்தான். உண்மையான பரீட்சையில் 11 முதல் 14 நிமிடம் ஒருவரோடு தனியாகப் பேச வேண்டும், ஆனால் இங்கே ஆட்கள் கூடுதல் என்பதால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. இன்னொரு ஆங்கில ஆசிரியர் கட்டாயம் தேவை.

தமிழ்நாட்டில் முதுகலை படித்துவிட்டு வந்த ஒரு அக்கா நெட் முதல் தாளின் பழைய வினாத்தாள்களைக் கொண்டுவந்து செய்விக்கிறா. நாங்கள் அந்தப் பரீட்சை எழுதப் போவதில்லை, ஆனால் கற்பித்தல் திறன், ஆய்வு முறை, தர்க்கம், தரவுகளை வாசிப்பது என்று அதில் வருகிற பகுதிகள் எங்கள் நேர்முகத்துக்கும் நன்றாகவே உதவுகின்றன. மதிப்பீட்டுக்கும் அளவீட்டுக்கும் வித்தியாசம் என்ன என்று நேர்முகத்தில் கேட்டால் திகைத்து நிற்காமல் பதில் சொல்ல முடிகிறது. இந்திய உயர்கல்வி அமைப்பு பற்றிய பகுதியை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஆட்சேர்ப்புச் சுற்றறிக்கையை வரிவரியாக வாசிக்கிறார்கள். வாசிக்கக் களைப்புத்தான், என்றாலும் உட்கார்ந்து வாசியுங்கள்.

இனிக் காசு விடயம், எனக்கு மனத்தாங்கல் இருக்கிற இடம். வகுப்புக்குக் கட்டணம் இல்லை, போட்டோக்கொப்பிக்கும் காசில்லை, பயிற்சித் தேர்வுகளில் நன்றாகச் செய்கிறவர்களுக்கு ஐஈஎல்டிஎஸ் கட்டணத்தில் ஒரு பங்கும் தருகிறார்கள். ஆனால் பஸ் காசு இல்லை. மத்தியானச் சாப்பாடும் இல்லை, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மட்டும். முல்லைத்தீவிலிருந்து ஒரு பிள்ளை வந்து போகிற செலவையும், இங்கே அறை எடுத்துத் தங்கினால் வருகிற வாடகையையும் பார்த்தால், இலவசம் என்ற வார்த்தைக்குப் பாதி அர்த்தம்தான் மிஞ்சுகிறது. நெடுந்தீவுப் பிள்ளை படகில் வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கிப் பஸ் பிடித்து வருவதற்குள் முதல் பாடம் முடிந்துவிடும், பின்னேரம் கடைசிப் படகுக்காகக் கடைசிப் பாடத்தையும் விட்டுவிட்டு ஓட வேண்டும். இடைநடுவில் நின்றவர்கள் யார் என்று பாருங்கள், எல்லோரும் தூரத்துப் பிள்ளைகள். படிக்க முடியாமல் ஒருவரும் நிற்கவில்லை. காசு கொடுக்கிற அண்ணாமாரிடம் நான் நேரில் கேட்டதையே இங்கேயும் கேட்கிறேன்: புதுப் புரொஜெக்டர் பிறகு வாங்கலாம், முதலில் தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் காசையும், சனி இரவு தங்க ஒரு அறையையும் ஏற்பாடு செய்யுங்கள். பட்டத்துக்குப் பிறகு விடுதி இல்லாத மலையகப் பிள்ளைகளுக்கும் அந்த அறை உதவும்.

இன்னொன்று. தொடக்கத்தில் கட்டண உதவி கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையில் கடித உறையைக் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். நாளைக்கு விரிவுரையாளராக வகுப்புக்குள் போகப் போகிற ஒருவரின் அந்தப் படம் அங்கே கிடப்பது சரியில்லை, அதை எடுத்தவர்களுக்கு நல்ல நோக்கம் இருந்திருந்தாலும் சரியில்லை. ஒரு முஸ்லிம் தங்கச்சியின் வீட்டில் இதனாலேயே வகுப்பை நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் சிலர் போய்ப் பேசினோம், இப்போது வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறார்கள், பழைய படங்களையும் எடுத்துவிட்டார்கள். கேட்டவுடன் மாற்றினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுங்கள், பிள்ளைகளின் முகத்தைக் காட்ட வேண்டாம்.

இடம் பற்றி: மேல்மாடி, தகரக் கூரை, சித்திரை வைகாசியில் மத்தியானத்துக்குப் பிறகு இருக்கவே முடியாது. மின்விசிறி போதாது. கழிப்பறை சுத்தம். நோன்பு காலத்தில் பின்னேர வகுப்பை நேரத்தோடு முடித்தார்கள், கேட்காமலே செய்தது நல்ல விடயம். பெண் பிள்ளைகள் தனியாகப் போக வேண்டியிருந்தால் பஸ் ஏறும்வரை யாராவது கூட நிற்பார்கள்.

மூன்று வருடப் பொதுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அதை முதல் நாளே மறைக்காமல் சொல்லி, முதுகலை பக்கம் எப்படிப் போவது என்று விளங்கப்படுத்தி அனுப்புகிறார்கள். ஆசிரியர் சேவை, நிர்வாக சேவைப் பரீட்சைகளுக்கும் இங்கே போக வேண்டாம், அதற்கு வேறு வகுப்புகள் இருக்கின்றன. விஞ்ஞானம், பொறியியல் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பகுதி கொஞ்சம் மெதுவாகத் தெரியலாம், மாதிரி விரிவுரைக்கு மட்டும் வருகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு அனுமதிக்கிறார்கள்.

சேருவதற்குப் பட்டப் பெறுபேற்றின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் மூன்றும் வேண்டும். கடிதம் உடனே கிடைக்காவிட்டால் பிறகு கொண்டுவரலாம், அதற்காக வராமல் இருந்துவிட வேண்டாம். மடிக்கணினி தேவையில்லை, அங்கே இரண்டு இருக்கின்றன, மாறி மாறிப் பாவிக்கலாம். உங்கள் இறுதி வருட ஆய்வை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள்.